வேர்ட்பிரஸ், விக்ஸ்: தொழிலுக்கு எது பொருந்தும்?

தொழிலுக்கென இணையதளம் தொடங்க நினைப்பவர்களில் பலர், 2003-இல் வெளியான வேர்ட்பிரஸ், 2006-இல் தொடங்கப்பட்ட விக்ஸ் ஆகிய இரண்டு இணையதள உருவாக்கக் கருவிகளில் எதைத் தேர்வது என்று தயங்குகிறார்கள்.

செலவு
வேர்ட்பிரஸ்: மென்பொருள் இலவசம், ஆனால் டொமைனுக்கும் (தளத்தின் இணைய முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சர்வர் இடம்), தேவைப்பட்டால் ப்ளகின்களுக்கும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) தனித்தனியே பணம் செலுத்த வேண்டும்.
விக்ஸ்: சந்தாவிலேயே ஹோஸ்டிங் அடங்கிவிடும். இலவசத் திட்டத்தில் சொந்த டொமைனை இணைக்க முடியாது, விக்ஸின் விளம்பரமும் தோன்றும் என்பதால், அதைத் தொழிலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

எளிமை
வேர்ட்பிரஸ்: பழகச் சில நாள்கள் ஆகும்.
விக்ஸ்: படங்களையும் எழுத்தையும் இழுத்து வைத்தே பக்கத்தை அமைக்கலாம்.

பராமரிப்பு
தளம் திறந்த நாளோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.
வேர்ட்பிரஸ்: புதுப்பிக்காமல் விட்ட ப்ளகின்கள் வழியாகவே பல தளங்களுக்குள் ஊடுருவல் நடக்கிறது, ஆகவே புதுப்பித்தலையும், காப்புப் பிரதியை வேறோர் இடத்தில் சேமிப்பதையும் ஒருவர் பொறுப்பேற்றுத் தவறாமல் செய்தாக வேண்டும்.
விக்ஸ்: சர்வர் பாதுகாப்பை நிறுவனமே கவனித்துக்கொள்ளும். விலை, தொலைபேசி எண், வேலை நேரம் ஆகியவற்றை மட்டும் நீங்கள் திருத்தி வந்தால் போதும்.

இடமாற்றம்
வேர்ட்பிரஸ்: கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்கு மாறலாம்.
விக்ஸ்: தளத்தை அப்படியே வெளியே கொண்டுசெல்ல இயலாது, மாற விரும்பினால் பக்கங்களை மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும்.

தொழில்நுட்ப உதவிக்கு ஆளில்லாமல், சில பக்கங்களில் சேவையை அறிமுகப்படுத்த விரும்புவோருக்கு விக்ஸ் பொருந்தும். கட்டுரைகளும் பொருள்களும் ஆண்டுதோறும் பெருகும் என்று எதிர்பார்ப்போர், பராமரிக்க ஒருவரை நியமித்துக்கொண்டு வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுக்கலாம்.