16 நம்பர் சிலிக்கான் யூரின் டியூப்: அப்பாவுக்கு எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் யூரின் டியூப் போட வேண்டியவர் வீட்டில் இருந்தால், மஞ்சள் ரப்பர் டியூபை விட்டுவிட்டு முழு சிலிக்கான் டியூப் வாங்குங்கள். மெடிக்கலில் ‘முழு சிலிக்கான்’ என்று அழுத்திக் கேட்க வேண்டும், ஏனென்றால் ரப்பர் மேல் சிலிக்கான் பூசியதையும் சிலிக்கான் டியூப் என்றுதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். முழு சிலிக்கான் தெளிவாக இருக்கும், உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பூச்சு போட்டதில் எதுவும் தெரியாது.

அப்பா பாம்பனில் முப்பது வருடம் விசைப்படகு டிரைவராக இருந்தவர். போன வருடம் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடி, அதிலிருந்து சிறுநீர் தானாகப் போவதில்லை. முதலில் போட்ட ரப்பர் டியூப் பன்னிரண்டாவது நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல் மாதிரி இறுகி, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஆஸ்பத்திரியில் அதே ரப்பர் டியூபையே மறுபடி மாட்டி அனுப்பினார்கள். வேறு வகை இருக்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று தடவை இப்படி அலைந்தோம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. கடைசியில் பக்கத்துத் தெரு நர்ஸ் அக்காதான், “தம்பி, காசு பார்க்காதே, அதே 16 நம்பரில் முழு சிலிக்கான் வாங்கிட்டு வா” என்றார்.

கழற்றிய பழைய டியூபைக் கையுறை போட்டுக்கொண்டு பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். உள்சுவர் முழுக்க வழவழப்பு, அதன்மேல் வெள்ளையாகப் பொடிமணல் ஒட்டிய மாதிரி ஒரு படிவு, நுனித் துவாரம் பாதி மூடியிருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “படகு அடியில கொட்டலசு புடிச்ச மாதிரில்ல இருக்கு” என்றார். கொட்டலசு என்பது படகின் அடியில் ஓடு ஓடாக ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிரி. அவர் சொன்னது கிட்டத்தட்ட சரிதான். டியூபுக்குள் கிருமிகள் முதலில் வழவழப்பான ஒரு படலமாக ஒட்டுகின்றன. அதில் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா இருந்தால், அது சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரத்தன்மை அடையும், கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட் படிகங்களாகப் படியும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்டிக்லர் கண்ணாடியில் ஒரு செயற்கைச் சிறுநீர்ப்பை செய்து, அதை 37 டிகிரி சூட்டில் வைத்து, இந்த அடைப்பை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். நிறைய நீர் குடிப்பதும் எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட்டும் படிகம் படிவதைத் தள்ளிப்போடும் என்பது அந்த வேலையில் தெரிய வந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அப்பாவுக்கு தினமும் எலுமிச்சைத் தண்ணீர் கொடுக்கிறோம்.

சரி, சிலிக்கானிலும் இந்தப் படிவு வரும். படியவே படியாத டியூப் இதுவரை வரவில்லை. பிறகு ஏன் இது நல்லது என்றால், உள்துவாரம். 16 நம்பர் என்பது வெளி விட்டம், அதை 3 ஆல் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும், அதாவது 5.3 மி.மீ. ரப்பருக்குச் சுவர் தடிமன், சிலிக்கானுக்கு மெல்லிசு, அதனால் அதே 16இல் உள்ளே இடம் அதிகம். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த பாய்சொய் சமன்பாடு ஞாபகம் இருக்கிறதா? குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் பாதியைவிடக் கீழே போய்விடும். அந்தச் சமன்பாட்டைக் கண்டுபிடித்தவரும் ரத்த ஓட்டத்தை ஆராயப் போன ஒரு மருத்துவர்தான். எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் எடுக்கும் ஹோஸில் பாசி கொஞ்சம் பிடித்தாலும் எஞ்சின் சூடாகிவிடும் என்பதால், அப்பாவுக்கு இதை நான் விளக்கவே தேவைப்படவில்லை.

அப்பாவிடம் நான் ஆசையாகச் சொன்ன இன்னொரு விஷயம் சுறாத்தோல். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழு, எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள், அது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆன்டனி பிரென்னன் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் அடியில் பாசி ஒட்டாமல் இருக்க வழி தேடும்போது, அந்தத் தோலைப் பார்த்து 2 மைக்ரோமீட்டர் அகல வரப்புகளைச் சிலிக்கான் பரப்பில் வார்த்தார். நம் பாறைகளில் பச்சையாகப் படரும் உல்வா பாசியின் வித்துகள் வழுவழுப்பான பரப்பைவிட அதில் 86 சதவீதம் குறைவாகவே ஒட்டின. அதே வரப்பை யூரின் டியூப் மேலும் போட்டுப் பரிசோதித்திருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிய படகின் அடியைச் சுரண்டிச் சுரண்டியே கை காய்த்துப்போன அப்பா, அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இனி விலை. ரப்பர் டியூப் எனக்கு 80 ரூபாய், இது 380. எட்டு மாதத்தில் ஐந்து டியூப் ஆகியிருக்கிறது, ஒரே ஒரு தடவைதான் அடைப்பு. பன்னிரண்டு வாரம் வரை வைக்கலாம் என்பார்கள், ஆனால் அப்பாவுக்குப் படிவு சீக்கிரம் வருவதால் ஏழாவது வாரமே மாற்றிவிடுகிறோம். ராத்திரி ஆட்டோ செலவைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான் மலிவு.

குறையும் இருக்கிறது. டியூபை உள்ளே பிடித்து வைக்கும் பலூன், 1930களில் ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் புகுத்திய அதே ஏற்பாடு, சிலிக்கானில் தண்ணீரை மெல்லக் கசியவிடுகிறது. 10 மில்லி ஏற்றியதில் ஒருமுறை 7 மில்லிதான் திரும்ப வந்தது, அதனால் நர்ஸ் அக்கா இடையிடையே பார்த்து நிரப்புகிறார். கிருமி நீக்கிய தண்ணீர்தான் (ஸ்டெரைல் வாட்டர்) ஏற்ற வேண்டும், சலைன் ஏற்றினால் உப்பு படிந்து பலூன் வழி அடைபடலாம். எடுக்கும்போது சிரிஞ்சை வேகமாக இழுக்கக் கூடாது, பலூன் மடிப்பு விழுந்து வெளியே வரும்போது வலிக்கும். முதல் தடவை அப்பா கத்திவிட்டார். இப்போது சிரிஞ்சை மாட்டிவிட்டு, தண்ணீர் தானாக வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கிறார் அக்கா.

அப்புறம், பெட்டியைப் பிரிக்கும் முன் காலாவதித் தேதி பாருங்கள். எனக்கு ஒரு கடையில் தேதி தாண்டியதைக் கொடுத்தார்கள், திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன்.