"எழுதியா வச்சோம்?" என்று கேட்கும் வியாபாரியிடம் ஏமாறாதீர்கள்: பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு

கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். விலை இறங்கும்போதெல்லாம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏமாற்று நடக்கிறது. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர், சட்டம் தங்கள் பக்கம் இருப்பது தெரியாமலே பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். வியாபாரி தோட்டத்துக்கு வருகிறார். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பத்து டன் தேறுமுங்க, உரிச்ச காய் டன் அம்பதாயிரம் போட்டுக்கலாம்" என்கிறார். தோட்டக்காரர் சரி என்கிறார். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கை மாறுகிறது. வெட்டு பத்து நாள் கழித்து என்று முடிவாகிறது. அதற்குள் சந்தையில் விலை 42,000 ஆகிவிடுகிறது. காயை வெட்டி, உரித்துக் குவித்த பிறகு வியாபாரி போனில் சொல்வார்: "அந்த விலைக்குக் கட்டாதுங்க. நாம என்ன எழுதியா வச்சோம்?" தோட்டக்காரருக்கு வேறு வழி தெரியாது. உரித்த காயை ரொம்ப நாள் வைத்திருக்கவும் முடியாது. 42,000-க்கே கொடுத்துவிடுகிறார். எண்பதாயிரம் ரூபாய் போய்விட்டது.

எழுதி வைக்காததால் செல்லாது என்று அவர் சொன்னது பொய். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொதுவாக எழுத்தைக் கேட்பதில்லை. மேஜரான, சித்தசுவாதீனமுள்ள இருவர், கட்டாயமோ மோசடியோ இல்லாமல், சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்கு, கொடுக்கல் வாங்கலோடு ஒத்துக்கொண்டால் அது ஒப்பந்தம் என்கிறது அதன் 10-ஆவது பிரிவு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இன்னும் வெளிப்படை: விற்பனை ஒப்பந்தம் வாய்மொழியாக இருக்கலாம், பாதி எழுத்து பாதி பேச்சாக இருக்கலாம், நடந்துகொண்ட விதத்திலிருந்தும் தெரியலாம். மரத்தில் நிற்கும் காயும் வெட்டித் தருவதாகப் பேசியிருந்தால் அந்தச் சட்டப்படி சரக்குதான். அட்வான்ஸ் கொடுத்ததும் மரமேறும் ஆட்களை அனுப்பியதும் ஒப்பந்தம் இருந்ததற்கு அவரே விட்டுச்சென்ற தடயங்கள்.

பேச்சை மீறியவர் எவ்வளவு தர வேண்டும்? ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுப்படி, பேசிய விலைக்கும் மீறிய அன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். மேலே சொன்ன கணக்கில் டன்னுக்கு எட்டாயிரம், பத்து டன்னுக்கு எண்பதாயிரம். ஆனால் காயைக் குவியலாக வெயிலில் விட்டுவிட்டு முழு ஐந்து லட்சமும் கேட்க முடியாது. நஷ்டத்தைக் குறைக்க நம்மால் ஆனதைச் செய்திருக்க வேண்டும். அதனால் அவர் பின்வாங்கியதும், "நீங்கள் எடுக்காததால் வேறு ஆளுக்கு விற்கிறேன், வித்தியாசத்தை உங்களிடம் கேட்பேன்" என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, அந்த வாரமே வேறு ஆளுக்குப் பில்லோடு விற்றுவிடுங்கள். சந்தை விலைக்கு அந்தப் பில்லைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இதே சட்டம் நம்மையும் கட்டும் என்பதை மறக்க வேண்டாம். விலை ஏறியவுடன் வேறு வியாபாரிக்குக் காயை ஏற்றிவிட்டால், வித்தியாசம் கேட்கும் உரிமை முதல் ஆளுக்கு வந்துவிடும்.

சட்டம் நம் பக்கம் இருந்தும் வழக்கு தோற்பது, பேசாமல் விட்ட இடங்களில். டன் விலையை மட்டும் பேசுகிறோம். டன்னுக்கு எத்தனை கிலோ கழிவு, எந்த எடைமேடை, வெட்டுக்கூலியும் உரிகூலியும் யார் தலையில், எண்ணிக்கைக் கணக்கில் எடுத்தால் லாபக்காய் (கணக்குக்கு மேல் சும்மா தரும் காய்) எத்தனை, பணம் என்றைக்கு என்று எதுவும் பேசுவதில்லை. நிச்சயப்படுத்தவே முடியாத ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி செல்லாது. விலையே பேசாமல், "பின்னாடி பார்த்துக்கலாமுங்க" என்று ஏற்றிவிட்ட காய்க்குக்கூட நியாயமான விலை தர வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது. ஆனால் எது நியாயம் என்று நிரூபிக்கும் பாரம் நம்மேல்தான் விழும்.

அட்வான்ஸா, அச்சாரமா என்பதையும் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் விலையில் ஒரு பகுதி. வியாபாரம் முறிந்தால் நம் நஷ்டம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அச்சாரம் பேச்சுக்கு உறுதியாகக் கொடுப்பது. கொடுத்தவர் பின்வாங்கினால் அது போய்விடும் என்று பேசியிருந்தால் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று வாதிட இடமுண்டு. அதுவும் நஷ்டத்துக்கு ஏற்ற அளவு நியாயமாக இருக்க வேண்டும்.

களத்தில் கிடக்கும் குவியல் யாருடையது என்ற கேள்வியில் பலர் சறுக்குகிறார்கள். எடை போட்டு விலை கட்டுவதாகப் பேசினால், எடை முடிந்து அது வாங்குபவருக்குத் தெரியும் வரை காய் நம்முடையதே (சரக்கு விற்பனைச் சட்டம், 22-ஆவது பிரிவு). இரவில் களவு போனாலும் மழையில் முளைவிட்டாலும் நஷ்டம் நமக்கு. "உரிச்சு வச்ச இந்தக் குவியல் மொத்தமா மூணு லட்சம்" என்று முடித்திருந்தால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, அந்த நொடியே காய் அவருடையதாகிவிடும். பணம் நாளைக்கு என்றாலும் அப்படித்தான். நஷ்டமும் அவருக்கே. ஆனால் கடன் பேசாத விற்பனையில் பணம் வரும் வரை காயைப் பிடித்து வைக்கும் உரிமை நமக்கு உண்டு. லாரி கிளம்பிவிட்டால் அந்த உரிமை போய்விடும். கோபாலபுரம் தாண்டிய லாரியைத் துரத்துவதைவிட, பணம் ஏறிய மெசேஜ் வரும் வரை தார்ப்பாய் கட்ட விடாமல் இருப்பது சுலபம்.

போன் பேச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனிலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும். பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கில் 1965-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: போனில் பேசிய ஒப்பந்தம், சம்மதத்தைக் கேட்டவர் இருந்த இடத்தில் உருவாகிறது. நாம் பொள்ளாச்சியில் இருந்துகொண்டு விலை சொல்லி, பாலக்காட்டு வியாபாரி "சரி, எடுத்துக்கறேன்" என்று சொன்னதை இங்கே கேட்டால், ஒப்பந்தம் பிறந்த இடம் பொள்ளாச்சி. பொள்ளாச்சியிலேயே வழக்குப் போடலாம். அவர் விலை சொல்லி நாம் சரி என்றிருந்தால் ஒப்பந்தம் அவர் ஊரில் பிறந்ததாகிவிடும். அப்போதும், காயை இங்கே ஒப்படைப்பதாகப் பேசியிருந்தால் வழக்கின் ஒரு பகுதி இங்கே எழுந்தது என்று காட்டலாம். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது அலைச்சலையும் செலவையும் தீர்மானிக்கிற விஷயம். அதனால் விலையை நீங்கள் சொல்லுங்கள், சம்மதத்தை அவர் சொல்லட்டும்.

இன்னொன்று, "சரி, ஆனா ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க" என்பது சம்மதமே இல்லை. முழுசாக, நிபந்தனை போடாமல் ஒத்துக்கொண்டால்தான் ஒப்பந்தம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. இப்படிக் குறைத்துக் கேட்டவர் புதிதாக ஒரு விலை சொல்கிறார் என்று பொருள். முதல் விலை அங்கேயே அடிபட்டுப் போகிறது. நாம் பேசாமல் ஆட்களை விட்டு வெட்டு ஆரம்பித்தால், குறைத்த விலைக்கு நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும். 8-ஆவது பிரிவு அந்த மாதிரிச் செயலையும் சம்மதமாக எடுத்துக்கொள்ளும்.

பேச்சு முடிந்த அன்றே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"இன்று பேசியபடி, என் தோட்டத்து உரித்த காய், டன் ரூபாய் 50,000. எடை என் ஊர் எடைமேடையில். கழிவு டன்னுக்கு 20 கிலோ மட்டும். வெட்டுக்கூலி, உரிகூலி உங்களுடையது. 12-ஆம் தேதிக்குள் வெட்டு. லாரி கிளம்பும் முன் முழுப் பணம். அட்வான்ஸ் 50,000 வந்தது. மாற்றம் இருந்தால் இன்றே சொல்லுங்கள்."

அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. சும்மா இருப்பது தனியாகச் சம்மதம் ஆகாது என்பது உண்மை. ஆனால் அந்த மெசேஜுக்குப் பிறகு ஆட்களை அனுப்பியிருந்தால் அவர் மறுக்க முடியாத இடத்தில் நிற்பார். அட்வான்ஸை ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ வாங்கி, குறிப்பில் "தேங்காய் அட்வான்ஸ்" என்று போடச் சொல்லுங்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் காட்ட, பதிவை வைத்திருப்பவரும் நிபுணரும் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொண்டுபோய் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வேலையாக அதைத்தான் பிடிப்பார்.

தேதி, தொகை போடாத செக்கில் வியாபாரி கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். நாமே மனமொப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை அவர் நிரப்பிக்கொண்டாலும், அது கடனுக்காகத் தந்தது என்ற அனுமானம் நமக்கு எதிராக நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிப்பது நம் வேலை.

மலையாளத்தில் அடித்த முத்திரைத்தாளும் இப்படித்தான். படிக்கத் தெரியாமல் போட்ட கையெழுத்தும் பொதுவாகக் கட்டுப்படுத்தும். மோசடி என்று நிரூபித்தால்தான் தப்பலாம். நம் ஆள் ஒருவரை வைத்து முழுக்கப் படித்துச் சொல்லக் கேளுங்கள். கையெழுத்துக்கு மேலே, என்ன விஷயம், எவ்வளவு தொகை என்று தமிழில் உங்கள் கைப்பட எழுதிவிட்டு, ஒரு நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேரளப் பக்கம் நிலத்தைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. இஞ்சி, வாழை, காய்கறி போடுவதற்காக முன்பணம் கொடுத்துவிட்டு, நடுவில் நிலக்காரர் வெளியேறச் சொன்னதும் கையைப் பிசைகிறார்கள். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு புதிதாகக் குத்தகை உருவாக்குவதைத் தடுக்கிறது, மீறி உருவாக்கினால் அது செல்லாது. விதிவிலக்கு சில வகை நிலங்களுக்கு மட்டும். இரண்டு பேரும் மனமொப்பி, முத்திரைத்தாளில், சாட்சியோடு எழுதியிருந்தாலும் சட்டம் தடுத்த காரியம் ஒப்பந்தம் ஆகாது. முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் தெரிந்தே செய்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் அதுவும் கஷ்டம். பணம் கொடுக்கும் முன் பாலக்காட்டு வக்கீல் ஒருவரிடம் நிலத்தின் வகையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிப்பதும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே. விலையை வேறு யாரும் பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல், தரகர் யார் பக்கம் பேசுவார் என்று சொல்ல முடியாது. "நல்ல மாடுங்க" என்பது வெறும் பேச்சு. "ஒரு நேரத்துக்கு எட்டு லிட்டர் கறக்குமுங்க" என்பது உண்மையைச் சொல்வதாக ஏற்கப்படும் வாக்கு. அது பொய் என்றால் வியாபாரத்தை ரத்து செய்யக் கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். அதனால் விலையையும் கறவையையும் துண்டை உதறிய பிறகு வாய்விட்டுச் சொல்லச் சொல்லி வாய்ஸ் மெசேஜாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமன், சித்தப்பா பிரியத்தில் "உனக்கு ஒரு மோட்டார் வாங்கித் தர்றேன்" என்று சொன்னது, எழுதிப் பதிவு செய்யாதவரை, சட்டப்படி கட்டாது. பதினெட்டு வயது ஆகாத பையனோடு பேசிய வியாபாரம் அவனைக் கட்டாது. 1903-இல் மோகரி பீபி வழக்கிலேயே அது முடிந்துபோன விஷயம். ஆனால் காலாவதியான பழைய கடனுக்கு, "சும்மா கணக்குக்காக" என்று நீட்டும் தாளில் 'தருகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் செத்த கடன் உயிர்பெற்றுவிடும், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்பா பேரில் இருந்த பாக்கிக்கு மகனிடம் இப்படிக் கையெழுத்து வாங்குகிறார்கள், கவனம்.

ஏமாந்தாகிவிட்டது என்றால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். கடன் தவணை பேசாமல் ஒப்படைத்த சரக்கின் விலைக்கு வழக்குப் போட, ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் அவரிடம் "இவ்வளவு பாக்கி" என்று கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். செக் திரும்பி வந்தால், வங்கி தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், அது கிடைத்த பின் பணம் தர அவருக்கு 15 நாள், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். செக்கை நம் வங்கிக் கணக்கில் போட்டிருந்தால் அந்தக் கிளை இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே புகார் கொடுக்கலாம், பாலக்காட்டுக்கு அலைய வேண்டியதில்லை. போலீஸில் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்ததைக் காட்டும் பொருள் உண்டா என்று பாருங்கள்: பொய் முகவரி, மூடிய கணக்கின் செக், ஒரே வாரத்தில் பல தோட்டத்தில் இதே வேலை. அப்படி மாட்டிய நாலைந்து பேர் சேர்ந்து மனு கொடுத்தால் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். தொகை சிறியது, வக்கீல் செலவு கட்டாது என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு எழுதிக் கொடுங்கள். லோக் அதாலத்துக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது, அங்கே சமரசமாகி வரும் உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். எடைச்சீட்டு, அட்வான்ஸ் வந்த வங்கி விவரம், வாட்ஸ்அப் உரையாடல், மரமேறியவர் பெயர், லாரி நம்பர் ஆகியவற்றை முதல் நாளே எடுத்துக்கொண்டு போங்கள்.