ஈஈசிபி 35 மணி நேரம்: இரண்டரை வருஷம் கழித்து என் அனுபவம்

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் பாதி ஏறியதும் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி மொபைலைக் காதில் வைத்துக்கொள்வேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமே! 2009இல் பைபாஸ் ஆனவன். அப்போது வைத்துத் தைத்த ரத்தக் குழாய்களில் இரண்டு அடைத்துவிட்டன. மிச்சமுள்ள குழாய்கள் ஸ்டென்ட் வைக்க முடியாத அளவுக்கு மெலிசு. மறுபடி ஆபரேஷனும் வேண்டாம் என்ற டாக்டர், "மாத்திரையோடு ஈஈசிபியும் எடுத்துப் பாருங்க" என்றார். ஆபரேஷன் இல்லாமல், காலை வெளியிலிருந்து காற்றால் அழுத்தி இதயத்துக்கு ரத்தம் தள்ளுகிற சிகிச்சை அது.

கெண்டைக்கால், கீழ்த்தொடை, மேல்தொடையும் பிட்டமும் என்று மூன்று இடத்தில் பட்டை கட்டுவார்கள். பிபி பார்க்கக் கையில் சுற்றுவார்களே, அதற்குப் பெரியப்பா. இதயம் சுருங்கி முடித்து ஓய்வெடுக்கிற நேரத்தை ஈசிஜி காட்டிக்கொடுக்க, கெண்டைக்காலில் தொடங்கி மேல்நோக்கிக் காற்று ஏறும். அடுத்த துடிப்புக்குச் சற்று முன் மொத்தமும் இறங்கிவிடும். இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்துக் காலிலிருந்து தள்ளிக் கொடுப்பதுதான் மெஷினின் வேலை. காற்று இறங்கும்போது இதயத்தின் பாரமும் குறைகிறது. தினம் ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், 7 வாரம்.

முதல் நாள் பயந்துவிட்டேன். தாராவி 90 அடி ரோட்டில் ஆட்டோவில் போகிற மாதிரிதான், ஆனால் நிமிஷத்துக்கு 70 பள்ளம். டெக்னீஷியன் ஒரு மராத்திப் பெண். "காகா, டரூ நக்கா" என்றாள். பயப்படாதீங்க சித்தப்பா என்று அர்த்தம். என் காதில் காக்கா என்று விழுந்து ஜன்னலைப் பார்த்தேன். அழுத்தத்தை நாளுக்கு நாள் கூட்டி, இரண்டாவது வாரம் 260க்குக் கொண்டுவந்தாள் (பிபி அளக்கிற அதே அலகுதான்). திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மேடு தெரியும். முதலாவது இதயம் போடுவது, இரண்டாவது மெஷின் போடுவது. இரண்டாவது உயரமாக வந்தால் அவளுக்குச் சந்தோஷம், எனக்கும்.

படுக்கும் முன் ஒட்டிப்பிடிக்கிற ஒரு பேன்ட் தருவார்கள். அதில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. நான்காவது நாள் வலது கெண்டைக்காலில் ஒரு மடிப்பை நான் கவனிக்கவில்லை. மாலையில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம், மூன்று நாள் வீண். இன்னொன்று: படுக்குமுன் பாத்ரூம் போய்விட வேண்டும். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற ஏற மூத்திரம் முட்டும்.

பலனைக் கணக்கு வைத்தது என் மனைவி. நெஞ்சு வலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைக்கும் நாளெல்லாம் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. சிகிச்சைக்கு முந்தைய மாதம் 31 புள்ளி. நான்காவது வாரம் வரை பெரிய மாற்றமில்லை, பணம் போச்சு என்றுதான் நினைத்தேன். முடிந்த மறுமாதம் 6. ஸ்டேஷன் படியை நிற்காமல் ஏறினேன், மெதுவாகத்தான். ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. இப்போது மாதம் 12, 13 புள்ளி விழுகிறது.

எனக்குக் கோபம் ஒன்றில்தான். நான் போன இடத்தில் சுவரில் "அடைப்பு கரையும், ஆபரேஷன் தேவையில்லை" என்று எழுதியிருந்தார்கள். அடைப்பைக் கரைக்கிற மெஷின் இல்லை இது. 1999இல் அமெரிக்காவில் 139 பேரை வைத்து வெளியான ஆய்வில், ஒரு பாதிக்கு உண்மையான அழுத்தமும் மறுபாதிக்குப் பேருக்கு 75ம் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மையானது பெற்றவர்களுக்கு வலி வருவது குறைந்தது, ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தபோது ஈசிஜியில் ரத்தக்குறை தெரிய அதிக நேரம் பிடித்தது. ஆனால் மொத்தம் எவ்வளவு நேரம் நடந்தார்கள் என்பதில் இரண்டு பாதிக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. போலி மெஷினில் படுத்தவர்களும் முன்னைவிடக் கூடுதலாக நடந்தார்கள்! என் 6 புள்ளியில் எத்தனை மெஷினுடையது, எத்தனை மன தைரியத்துடையது என்று நானும் யோசித்ததுண்டு.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஹார்ட் ஃபெயிலியர். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் வடியும் வரை அவரைப் படுக்கவே விடவில்லை. காலில் தேங்கியதை ஒரேயடியாக மேலே தள்ளினால் நுரையீரலில் நீர் கட்டிவிடலாம் என்பதால் அவர் விரலில் எப்போதும் ஆக்சிஜன் கிளிப். பெருந்தமனி வால்வு கசிகிறவர்களுக்கும், காலில் ரத்தம் உறைந்தவர்களுக்கும், பெருந்தமனி வீங்கியவர்களுக்கும் இது கூடாது. எனக்கு முன்கூட்டியே இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் கால் ரத்தக் குழாய்க்கு டாப்ளர் ஸ்கேனும் எடுத்தார்கள். எடுக்காமல் நேரே படுக்கச் சொல்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை என்று இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிட்டது. அதை முதலிலேயே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

இன்னொரு சுற்று போகலாம் என்கிறார் டாக்டர். "புள்ளி இருபதைத் தாண்டட்டும், பாக்கலாம்" என்கிறாள் மனைவி. இந்த மாதம் இதுவரை ஒன்பது.