போட்டது எடுக்கவில்லை: போஸ்ட்ஃபிக்ஸோடு ஆறு வருடம்

நண்பன் கேட்ட நேரம் சரியில்லை. "சொந்தமா மெயில் சர்வர் வைக்கப்போறேன், போஸ்ட்ஃபிக்ஸ் போடலாமாடா?" என்றான். மெயிலை வாங்கி அனுப்பும் அந்த மென்பொருளை ஆறு வருடமாக ஓட்டுகிறேன். வேறு நாளாக இருந்தால் யோசிக்காமல் ஆமாம் சொல்லியிருப்பேன். முந்தின ராத்திரிதான் அதோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டியிருந்தேன்.

புது மெஷினுக்குக் குடிமாறினேன். பழையதில் பாஸ்வேர்டைச் சரிபார்த்தது சாசல்ஆத்டி என்ற தனி புரோகிராம். இனி, மெயில்பாக்ஸைக் கவனிக்கும் டவ்காட்டே அதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று, போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய செட்டிங் கோப்பான மெயின்.சிஎஃப்பில் சாசல் வகையை (லாகினை எதை வைத்துச் சரிபார்ப்பது என்பதை) மாற்றி ரீலோட் கொடுத்தேன். லாகின் தோல்வி. சர்வர் எழுதிவைக்கும் லாகில், சாசல்ஆத்டியோடு இணைய முடியவில்லையாம்! புது மெஷினில் நான் இன்ஸ்டாலே செய்யாத சாமான் அது. ரீஸ்டார்ட், ரீபூட் எல்லாம் ஆச்சு. செட்டிங்கைக் காட்டும் 'போஸ்ட்கான்ஃப் மைனஸ் என்' கட்டளையை அடித்தால் டவ்காட் என்று சத்தியம் செய்கிறது. லாகோ பழைய பாட்டையே பாடுகிறது.

நடுவில், நம் ஆட்கள் மெயில் அனுப்பும் போர்ட்டான 587-ஐ டெல்நெட்டில் தட்டி, 'லாகின் செய்யலாம்' என்று சர்வர் சொல்லும் ஆத் வரியே வரவில்லையே என்று ஒரு மணி நேரம் வீண். டிஎல்எஸ் என்ற மறையாக்கம் தொடங்கும் முன் அதைக் காட்டாதே என்று செட் செய்து வைத்ததே நான்தான். ஓபன்எஸ்எஸ்எல் வழியாக ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டு மறையாக்கத்தைத் தொடங்கினால் ஒழுங்காக வந்தது.

கடைசியில் ஆள் அகப்பட்டது, ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி வரி வைத்திருக்கும் இன்னொரு கோப்பான மாஸ்டர்.சிஎஃப்பில். 587-ஐக் கவனிக்கும் சப்மிஷன் வரிக்குக் கீழே, செட்டிங்கை மாற்றும் இரண்டு 'மைனஸ் ஓ' வரிகள்: சாசல் வகை சைரஸ் (சாசல்ஆத்டியைத் தேடிப்போவது அதுதான்), அதற்கான பாதை. என்றோ நானே எழுதியது, பழைய கோப்போடு காப்பியாகி வந்திருக்கிறது. மெயின்.சிஎஃப்பில் என்ன எழுதினாலும், அந்த ஒரு சர்வீஸுக்கு இந்த வரிதான் செல்லும். 'மைனஸ் என்' காட்டுவது மெயினை மட்டும். அதே கட்டளையில் 'என்'னுக்குப் பதில் பெரிய எழுத்து 'பி' போட்டிருந்தால், மாஸ்டரில் இருப்பது இரண்டு நொடியில் தெரிந்திருக்கும். 'மாஸ்டரில் வேறு மாதிரி இருக்கிறது' என்று ரீலோட் செய்யும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த வசதி இருப்பதால்தான் வெளியிலிருந்து மெயில் வரும் 25-இல் லாகின் கேட்காமலும், நம் ஆட்கள் அனுப்பும் 587-இல் கட்டாயம் கேட்டும் வைக்க முடிகிறது. லாகும் பொய் சொல்லவில்லை. முதல் நிமிடத்திலேயே சாசல்ஆத்டி என்று பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தது, நான்தான் நம்பவில்லை. ஆறு வருடத்தில் தானாக ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

நண்பனுக்கு "போடாதே, மாசக் காசு கட்டி எங்கேயாவது வாங்கிக்கோ" என்று அனுப்பினேன்.

"அப்ப நீயும் மாத்தப்போறியா?"

"நான் எதுக்குடா மாத்தணும்?"