எமுலேட்டரிலிருந்து சம்மாட்டியின் கைப்பேசிக்கு: மூன்று ஆண்டு அனுபவம்

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் என் மேசைக்கும் கடலுக்கும் இடையே ஒரே ஒரு தெரு. மீன் ஏலக் கணக்குச் செயலி ஒன்றை இங்கிருந்துதான் பராமரிக்கிறேன். அதைச் சோதிக்க முதல் ஓராண்டு, கணினிக்குள்ளேயே ஒரு கைப்பேசி போல ஓடும் எமுலேட்டரை மட்டுமே நம்பியிருந்தேன்.

நல்ல கருவிதான். பாம்பனிலிருந்து படகு போகும் வழியை ஜிபிஎக்ஸ் எனும் வழித்தடக் கோப்பாகக் கொடுத்தால் உட்கார்ந்த இடத்திலேயே படகு ஓடும். இணையத்தைப் பழைய எட்ஜ் இணைப்பின் மெதுவான வேகத்துக்கு இறக்கியும் பார்க்கலாம். என் மடிக்கணினியில் இருப்பதோ 8 ஜிபி ராம். செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஏறினால் விசைப்படகு எஞ்சின் போல இரையும். எமுலேட்டர் வேகமாக ஓடத் தேவையான வர்ச்சுவலைசேஷன் வசதியைக் கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் இயக்காமல் தவித்த முதல் வாரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, படகுகள் முதல் மீன்பாட்டோடு கரை திரும்பிய அன்று காலை, சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர் கைப்பேசியோடு வந்து நின்றார். "தம்பி, ஒரு ஏலம்தான் பதிந்தேன். அதற்குப் பிறகு கணக்கைத் திறந்தாலே மூடிக்கொள்கிறது."

எமுலேட்டரில் எத்தனை முறை முயன்றும் அந்தப் பிழை வரவில்லை. அவர் கைப்பேசியில் 'பில்ட் நம்பர்' மீது ஏழு முறை தட்டி டெவலப்பர் அமைப்பைத் திறந்து, கணினியிலிருந்து பிழை தேட உதவும் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகி, கைப்பேசியின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டைத் திறந்தேன். ஓடுகிற வரிகளுக்கு நடுவே சிவப்பில் ஒன்று: '16 ஜூன்' என்பதைத் தேதியாகப் படிக்க முடியவில்லை. தடைக்காலத்தில் பேத்தி அவர் கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறாள். என் நிரல் தேதியைக் கைப்பேசியின் மொழியில் எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் படிக்கப் பார்த்திருக்கிறது. எமுலேட்டரையும் தமிழுக்கு மாற்றியிருக்கலாம். தமிழில் செயலி எழுதுகிற எனக்கு அது தோன்றவே இல்லை!

அன்று முதல் உண்மையான கைப்பேசிதான். அதன் திரையை ஸ்கிரீன்காப்பி (scrcpy) என்ற இலவசக் கருவி கணினிக்குக் கொண்டுவருகிறது. கைப்பேசியில் எதையும் நிறுவ வேண்டாம், அமைப்பின் பூட்டை உடைக்கும் 'ரூட்'டும் வேண்டாம். கணினியின் மவுஸும் விசைப்பலகையும் அப்படியே வேலை செய்கின்றன. கைப்பேசியின் திரையை அணைத்துவிட்டுக் கணினியில் மட்டும் பார்க்கலாம் என்பது மின்சாரம் போகும் நாட்களில் பெரிய உதவி. வங்கிச் செயலி போன்றவை பாதுகாப்புக்காக மறைக்கும் திரைகள் மட்டும் கறுப்பாகவே தெரியும். சில கைப்பேசிகளில் மவுஸ் வேலை செய்ய டெவலப்பர் அமைப்பில் இன்னொரு அனுமதியையும் கொடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

உண்மையான எதிரி உப்புக்காற்று. சார்ஜ் போடும் துளையில் பச்சை பிடித்து, கேபிளை அசைத்தால் இணைப்பு அறுந்துவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிளே இல்லாமல், ஆறு இலக்க எண்ணைக் கொடுத்து வைஃபை வழியாக இணைக்கலாம். அந்த வசதியை ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும், இணைக்கக் கொடுக்க வேண்டிய போர்ட் எண் மாறிவிடுகிறது என்பதால், இப்போதெல்லாம் அதைச் சுண்ணாம்புக் கட்டியால் மேசையிலேயே எழுதிக்கொள்கிறேன்.