வெயில், காளான், எண்ணெய், மாத்திரை: புதுச்சேரி வீகனுக்கு வைட்டமின் டி எதில் கிடைக்கும்?

பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் வேண்டாம், வீகனாக மாறப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் "அப்போ சத்துக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்பார்கள். புரதத்துக்குப் பயறும் வேர்க்கடலையும் இருக்கின்றன. கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை. பி12-க்கு மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்பதும் இப்போது பலருக்குத் தெரிந்துவிட்டது. வைட்டமின் டி பேச்சு வந்தால் மட்டும் "நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?" என்று எல்லாருமாகச் சேர்ந்து பேச்சை முடித்துவிடுகிறோம். அப்படி முடிக்கக் கூடாத விஷயம் இது. சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைக் குடலிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ள உதவுவதே டி-தான். அது குறைவாக இருந்தால், சொம்பு சொம்பாகக் கேழ்வரகுக் கூழ் குடித்தாலும் எலும்புக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் (லேபிளில் IU என்று இருக்கும்) வேண்டும். 60 வயது தாண்டியவர்களுக்கு 800. கடலூர் துறைமுகத்தில் வந்திறங்கும் மத்தியிலும், முட்டையின் மஞ்சள் கருவிலும் டி இருக்கிறது. நாம் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. நமக்குள்ள வழிகள் வெயில், காளான், டி சேர்த்த எண்ணெயும் சோயா பாலும், அப்புறம் மாத்திரை. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி வைத்துப் பார்க்கிறேன்: நிஜத்தில் எத்தனை யூனிட் தருகிறது, அது எங்கிருந்து வருகிறது.

வெயிலில் தொடங்குவோம். புதுச்சேரியில் உடம்பைக் கவனிக்கிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறார்கள். வண்டிகள் இல்லாத சாலை, உப்புக் காற்று, காந்தி சிலைக்குப் பின்னால் எழும் சூரியன். மனசுக்கும் இதயத்துக்கும் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் டி-க்கு அந்த நடை ஏறக்குறைய உதவாது. தோலில் டி-யை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால் வழியிலேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. "இளவெயிலில்தான் சத்து இருக்கு" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தாலும், டி விஷயத்தில் அது சரியில்லை.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே இருக்கிறது, டி நன்றாக உண்டாகும் நேரம் அது. நிழல் உங்களைவிட நீளம் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நாம் இருப்பது ஏறத்தாழ 12 பாகை வடக்கு. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே நிழல் குட்டையாகிவிடும். டிசம்பர் கடைசியில் அது பத்தே காலுக்கு மேல்தான் நடக்கும், பிற்பகல் இரண்டு மணியோடு முடிந்தும் போகும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தோலில் டி உண்டாகவே உண்டாகாது. நமக்கு அந்தக் கஷ்டம் வருஷத்தில் எந்த மாதத்திலும் இல்லை. இது பெரிய வரம்தான்.

அப்படியானால் ஏன் குறைபாடு வருகிறது? பத்து மணிக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று யோசித்தால் புரிந்துவிடும். நெட்டப்பாக்கம் பக்கம் வயலில் நிற்பவருக்குப் பிரச்சினை குறைவு. இதைப் படிக்கிறவர்களில் பலர் அந்நேரம் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ இருப்போம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஸ்கூட்டரில் போகிற பெண்கள் முகத்தைச் சுற்றித் துப்பட்டா, முழங்கைவரை கையுறை என்று போகிறார்கள். கறுத்த தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம் என்பதால், வெளுத்த தோலுக்குப் பத்து நிமிடம் போதும் என்று சொல்கிற கணக்கு நமக்குப் பொருந்தாது, சில மடங்கு நேரம் வேண்டும். கையும் காலும் தெரிய அரைமணி நேரம், வாரத்தில் நாலைந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் அதுவும் நடக்காது. கத்திரி வெயிலில் நடுப்பகலில் மொட்டைமாடியில் நிற்கச் சொல்லவும் மனம் வரவில்லை; அந்த மாதங்களில் ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

வெயிலுக்கு இன்னொரு பெருமை, அளவு மிஞ்சவே மிஞ்சாது. கூடுதலாக உண்டாவதைத் தோலே சிதைத்துவிடும். எந்த உயிருக்கும் தொந்தரவில்லை, காசும் இல்லை. குறை ஒன்றுதான்: இன்றைக்கு எத்தனை யூனிட் கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது காளான். இருட்டறையில் வளர்ந்து பாக்கெட்டில் வரும் காளானில் டி மிகக் குறைவு. ஆனால் காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. வெயில் பட்டால் அது வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி-2 ஆக மாறுகிறது, பறித்த பிறகும் மாறுகிறது. நம் ஊர்ச் சூட்டுக்கு நன்றாக வரும் பால் காளான், சிப்பிக் காளான் எதுவானாலும் சரி. துடைத்து, விரல் தடிமனுக்கு நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் முறத்தில் பரப்ப வேண்டும். குடையின் அடிப்பக்கம் மேலே பார்க்கட்டும். பத்தரை மணிக்கு மொட்டைமாடியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஓரங்கள் லேசாகச் சுருங்கி, வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகும். எடுத்து அன்றைக்கே மிளகு போட்டு வறுத்துவிடலாம். மேலே மூட வேண்டும் என்றால் கொசுவலைத் துணி போதும். பிளாஸ்டிக் தாளும் கண்ணாடித் தட்டும் வேண்டாம்.

வெயில் காட்டிய 100 கிராம் காளானில் 400 யூனிட்டோ அதற்கு மேலோ வரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சமைத்தால் கொஞ்சம் குறையும், பெரும்பகுதி நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில், நேரம், நறுக்கிய விதம் எல்லாவற்றையும் பொறுத்து அளவு மாறும். தினமும் 100 கிராமுக்கு மேல் காளான் சமைக்கிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. வாரம் இரண்டு நாள் குழம்புக்கு வாங்குகிற காளானை இப்படி வெயில் காட்டிவிட்டுச் சமையுங்கள். அது கூடுதல் வரவு, அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

எண்ணெய் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளின்படி, ஊட்டமேற்றிய சமையல் எண்ணெயில் ஒரு கிராமுக்கு 4.4 முதல் 6.4 யூனிட் டி இருக்கும். பாக்கெட்டில் எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் போட்ட நீல முத்திரை இருக்கும். அந்த டி தாவர மூலத்திலிருந்து வர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. ஒருவர் நாளைக்கு 20 கிராம் எண்ணெய் சேர்த்தால் சுமார் 100 யூனிட், சூட்டில் போவது போக. ஆனால் வீகனாக மாறுகிறவர்களில் பாதிப்பேர் அதே நாளில் செக்கு எண்ணெய்க்கும் மாறிவிடுகிறார்கள். செக்கு நல்லெண்ணெயில் மணம் உண்டு, டி கிடையாது. நானும் செக்கு எண்ணெயை விடமாட்டேன், ஆனால் இந்த 100 யூனிட்டைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். டப்பாவில் வரும் சோயா பால், பாதாம் பாலில் சிலவற்றில் டி சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் இல்லை. பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் அரைக்கிற சோயா பால், தேங்காய்ப் பால், வேர்க்கடலைத் தயிர் எதிலும் டி இல்லை.

இனி மாத்திரை. மெடிக்கலில் போய் "அண்ணே, தினம் போடுற மாதிரி கம்மி டோஸ்ல டி மாத்திரை இருக்கா?" என்று கேட்டால் வருகிற பதில் இது: "கால்சியத்தோட சேர்ந்து வரும் தம்பி. தனியா வேணும்னா அறுபதாயிரம்தான்." அந்த 60,000 யூனிட் பாக்கெட்டும் கேப்ஸ்யூலும் பெரும்பாலும் டி-யின் இன்னொரு வகையான டி-3. அந்த டி-3 பொதுவாக ஆட்டு ரோமத்திலிருந்து பிரிக்கும் கொழுப்பான லேனோலினிலிருந்து செய்வது. மெத்தென்ற கேப்ஸ்யூல் என்றால் உறையும் பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பும் தோலும். கால்சியம் மாத்திரையிலும் சிலவற்றில் கால்சியம் சிப்பி ஓட்டிலிருந்து எடுத்தது.

சைவம் என்று காட்டப் பாக்கெட்டில் போடும் பச்சைப் புள்ளியை இங்கே நம்பக் கூடாது. வள்ளலார் 1867-இல் தருமசாலை தொடங்கிய வடலூர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துச் சன்மார்க்க வீடுகளுக்குப் புலால் மறுப்பது பழகிய வாழ்க்கை. அந்த வீடுகளில் பாலும் தயிரும் உண்டு, பச்சைப் புள்ளியும் அதை அனுமதிக்கிறது. வீகன் என்றால் பாலும் இல்லை, கம்பளியும் இல்லை. அதற்குத் தனி முத்திரை 2022-இல் வந்தது, பச்சை நிறத்தில் ஆங்கில வி எழுத்து. அதைத் தேடுங்கள்.

வீகனுக்குப் பொருந்தும் மாத்திரை இரண்டு வகை. டி-2 ஈஸ்ட்டிலிருந்தும் காளானிலிருந்தும் வருவது. தினமும் சிறு அளவில் எடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு பெரிய டோஸ் என்று எடுத்தால் டி-3 அளவுக்கு ரத்தத்தில் நிற்காது. சில பரிசோதனை முறைகள் டி-2-ஐக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. இன்னொன்று லைக்கன் டி-3, அதாவது பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன் என்ற உயிரிலிருந்து எடுப்பது. நாம் குருமாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். மாத்திரைக்கு வேறு லைக்கன் இனங்களைப் பயன்படுத்துகிறார்கள். கல்பாசியைக் கூடுதலாகப் போட்டால் டி வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், சமையலில் சேர்க்கும் அளவு ஒரு சிட்டிகைதான். லைக்கன் டி-3 விலை கூடுதல், பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டும். ஆனால் லேனோலின் டி-3-க்கும் இதற்கும் மூலக்கூறில் வித்தியாசமே இல்லை. லேபிளில் "லைக்கன்" என்று பெயர் சொல்லியிருக்கிறதா, உறை தாவர நாரான செல்லுலோஸா என்று பாருங்கள்.

என் தேர்வு இதுதான்: லைக்கன் டி-3, நாளைக்கு 600 முதல் 1,000 யூனிட், மதியச் சாப்பாட்டோடு. எண்ணெயோ தேங்காயோ உள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உட்கிரகிக்கும். அதன்மேல் ஞாயிற்றுக்கிழமை வெயிலும் காளானும். செலவு தாங்காது என்றால் டி-2 தினசரி மாத்திரை. வயலிலும் சாலையிலும் வேலை செய்பவருக்கு மாத்திரை தேவைப்படாமலே போகலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் டி அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே வந்து, மருத்துவர் வாரம் ஒரு 60,000 பாக்கெட் எழுதினால், வாங்கிச் சாப்பிடுங்கள். வீகன் மூலத்தில் கிடைக்குமா என்று அவரிடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால் எட்டு வாரத்துக்கு லேனோலின் டி-3 எடுப்பதில் தவறில்லை என்று உறுதியாக நம்புகிறேன். எலும்பு மெலிந்து வலியோடு நடப்பதால் எந்த ஆட்டுக்கும் நன்மையில்லை. ஆனால் அந்தப் பாக்கெட்டை வாரம் ஒன்று என்பதை மறந்து தினமும் போட்டுவிடக் கூடாது. நீண்ட நாளைக்கு எடுக்கும்போது ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000 யூனிட். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, ஓயாத தாகம், சிறுநீரகப் பாதிப்புவரை போகும். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துவிட்டுத் தினசரி மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். தாய்ப்பாலில் டி குறைவு, அம்மா என்ன சாப்பிட்டாலும் சரி. குழந்தை மருத்துவர் எழுதித் தரும் 400 யூனிட் சொட்டு மருந்தை எந்த மூலமானாலும் அன்றே தொடங்கிவிட வேண்டும்.