மூட் ஒர்க்‌ஷீட்: நாலு பேட்ச் கடந்த பின்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் தோழி ஒருவர், கோதிக் கதைகளுக்கான (பாழடைந்த வீடு, இருட்டு, அச்சம் என்று போகும் கதைகள்) அந்த ஒர்க்‌ஷீட்டைப் பசங்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ‘செட்டிங்’ (கதை நடக்கும் இடமும் பொழுதும்), வலப்பக்கம் ‘மூட்’ (அது எழுப்பும் உணர்வு), கீழே ஒரு பெட்டிக்குள் பொறுக்கி எடுக்க இருபது முப்பது சொற்கள். ஆங்கில ஆசிரியர்கள் எல்லோருக்கும் பழகிய தாள்தான். நாலு பேட்ச் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

முதலில் நல்லது. பசங்களைக் கதையின் வரிக்குத் திரும்ப வைப்பதில் இந்தத் தாள் கெட்டி. எட்கர் ஆலன் போவின் ‘தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்’ (1839) கதையின் முதல் வாக்கியம் 60 சொற்கள். சும்மா வாசித்துக் காட்டினால் பாதியிலேயே வகுப்பு நழுவிவிடும். தாள் கையில் இருந்தால் பென்சிலோடு தேடுகிறார்கள்: தாழத் தொங்கும் மேகம், சத்தமே இல்லாத பகல், குதிரையில் தனியாக ஒருவன், சாயும் பொழுது. அவன் போய்ச் சேரும் அஷர் வீடு வாக்கியத்தின் கடைசிச் சொற்களில்தான் வருகிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். டூரிங், டல், டார்க், டே, டிரியரி, ட்ரூ என்று ஆறு சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவதைக் கோடிட்டுக் காட்டினால், “மிஸ், மோனை!” என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். அந்த ஒரு குரலுக்காகவே இந்தக் கதையை எடுக்கலாம்.

எரிச்சல் அந்தச் சொற்பெட்டியில். பசங்க இடப்பக்கம் போவதற்கு முன்பே பெட்டியிலிருந்து ‘ஈரி’யை (eerie, இனம் புரியாத அச்சம் தருவது) எடுத்து வலப்பக்கம் எழுதிவிடுகிறார்கள். மேகம், ஈரி. ஜன்னல், ஈரி. கூரையிலிருந்து சுவர் வழியே கோணல்மாணலாக இறங்கிக் குளத்து நீரில் மறையும் மெல்லிய விரிசல், அதுவும் ஈரி. கதை முடிவில் அந்த விரிசல் வழியாகத்தான் வீடே பிளந்து விழுகிறது. முதல் நாளே அதைக் கையில் பிடித்த பையன் ‘ஈரி’ என்று எழுதியதும் விட்டுவிடுகிறான். விடை எழுதியாகிவிட்டதே, அப்புறம் எதற்கு யோசிக்க வேண்டும்? எனக்குக் கோபம் பசங்க மேல் இல்லை. யோசிக்கும் வேலையைப் பெட்டி பிடுங்கிக்கொள்கிறது.

இதற்கு ஓரளவு பலித்த வைத்தியம்: பெட்டியைக் கத்தரியுங்கள். வலப்பக்கத்தை உள்ளே மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள். முதல் 15 நிமிடம் இடப்பக்கம் மட்டும். கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தோலுக்கும் எட்டுவது ஐந்து, அதில் குறைந்தது இரண்டு கண்ணால் பார்க்காததாக இருக்க வேண்டும். பிறகு மடிப்பைப் பிரித்து, ‘இதை மாற்றினால் என்ன ஆகும்?’ என்று ஒரு கேள்வி மட்டும். சத்தமில்லாத பகலில் ஒரு காக்கை கரைந்தால்? இந்தச் சோதனையைக் கதைக்குள் எட்கர் ஆலன் போவே செய்து பார்க்கிறார். காட்சியின் கூறுகளை வேறு மாதிரி அடுக்கினால் இந்தத் துயரம் குறையுமோ என்று கதைசொல்லி குளத்தங்கரைக்குப் போய் நீரில் வீட்டின் தலைகீழ்ப் பிம்பத்தைப் பார்க்கிறான். முன்னைவிட அதிகமாக நடுங்குகிறான். ஏன் குறையவில்லை என்று கேட்டுவிட்டு வகுப்பைப் பேச விடுங்கள். ஒரு பீரியட் அதற்கே போகும், போகட்டும்.

சென்னையில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே மேகம் தாழ்ந்து வந்தால் யாருக்கும் மனம் கனக்காது. கலெக்டர் லீவு விடுவாரா என்றுதான் பார்ப்பார்கள். இலையுதிர்காலம் பாடப்புத்தகத்தில் மட்டும். இதை வாயால் விளக்கி ஜெயிக்க முடியாது, சங்க இலக்கியத்தின் திணையைக் கொண்டுவாருங்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே இருப்பவை கருப்பொருள், எழும் உணர்வு உரிப்பொருள். கார்காலத்து மாலை முல்லையில் காத்திருப்பு, வேனிற்கால நண்பகல் பாலையில் பிரிவு. செட்டிங்கும் மூடும் தனித்தனிக் கட்டம் அல்ல என்பது தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. ‘இருட்டு இல்லாமல் பயம் வருமா?’ என்று கேட்டால், உச்சி வேளையில் வெளியே போகாதே என்று பாட்டி தடுத்த கதை குறைந்தது நாலு வரும்.

போவின் இன்னொரு கதையான ‘தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்’துக்கு (1842) தாளே வேண்டாம், வரையச் சொல்லுங்கள். கதையில் விருந்து நடக்கும் ஏழு அறைகள்: நீலம், ஊதா, பச்சை, ஆரஞ்சு, வெள்ளை, வயலெட், கறுப்பு. எல்லோரும் ரயில் பெட்டி மாதிரி நேர்க்கோட்டில் வரைவார்கள், அது தப்பு. இருபது முப்பது கஜத்துக்கு ஒரு திருப்பம் என்று கதை சொல்கிறது. ஒரு நேரத்தில் ஓர் அறைக்கு மேல் பெரிதாகத் தெரியாது. நீலம் கிழக்கே, கறுப்பு மேற்கே. நீல அட்டையை மெரினா பக்கத்துச் சுவரில் ஒட்டினால், சூரியன் எங்கே எழுந்து எங்கே விழுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு அறைகளில் ஜன்னல் கண்ணாடி அறையின் நிறத்திலேயே இருக்கும். ஏழாவதில் மட்டும் கறுப்பு அறைக்கு ரத்தச் சிவப்புக் கண்ணாடி. அறைக்குள் விளக்கு கிடையாது; வெளியே நடையில் எரியும் தீயின் வெளிச்சம் கண்ணாடி வழியாக வருகிறது. ஒரு ஷூ டப்பாவின் உள்ளே கறுப்பு சார்ட் ஒட்டி, பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து ஒட்டுங்கள். ஒற்றையாக ஒட்டினால் ரோஸ் கலர்தான் வரும். சார்ட் பளபளப்பாக இருக்கக் கூடாது. வெளியிலிருந்து மொபைல் டார்ச், எதிர்ப்பக்கம் பார்க்க ஓர் ஓட்டை. உள்ளே ஒரு பிள்ளையின் விரலை நீட்டச் சொல்லுங்கள். பார்க்கிற பிள்ளையின் முகத்தில் வருவதுதான் மூட். கண்ணாடித்தாள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும்.

கடைசியாக 150 சொல்லில் சொந்தமாக எழுத்து. வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், மல்லிகை வாசம், நாய் ஊளை, பௌர்ணமி ஐந்துக்கும் தடை. ‘திகில்’, ‘பயங்கரம்’ என்ற சொற்களுக்கும் தடை. தடை போட்டால்தான் மே மாதத்து மத்தியானமும், கரண்ட் போன அபார்ட்மென்ட்டும், யாரும் இல்லாத மாடியில் நின்று கதவு திறந்து மூடும் லிஃப்டும் வெளியே வரும்.

தோழிக்கு: தாளை அனுப்பப் போவதில்லை. மோனை கண்டுபிடித்த பிள்ளை தாள் இல்லாமலும் கண்டுபிடித்திருக்கும். ஷூ டப்பா இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.